‘மீட்பு’ என்ற சொல்லை எப்படி வாசிப்பது: இராமநாதபுரக் கரையும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமும்

தம்பி, தமிழ்நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்புப் பட்டியலில் நெய்வேலி, ஜெயங்கொண்டம், மன்னார்குடி ஆகியவற்றோடு இராமநாதபுரத்தின் பெயரும் இருப்பதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நாளை திருப்புல்லாணிப் பக்கமோ தேவிபட்டினம் பக்கமோ ஒரு திறந்தவெளிச் சுரங்கத்துக்கு யாராவது விண்ணப்பித்தால் என்னென்ன அனுமதிகள் வேண்டியிருக்கும் என்பது முதல் கேள்வி. தோண்டிய நிலத்தைச் சீராக்குவதாகச் சொல்லும் நில மீட்புத் திட்டத்தை ஊர்க்காரர்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இன்று இந்தக் கரையில் நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆனாலும் கேள்வி காலத்துக்கு முந்தியது அல்ல என்றே நினைக்கிறேன். வேறு இடங்களில் சுரங்கங்களின் நிலச் சீரமைப்புத் திட்டங்களை வரைவதிலும் சரிபார்ப்பதிலும் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையிலும், கண்மாய்த் தண்ணீரில் வளர்ந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் நிலத்தை மீட்பது என்றால் ஒத்திக்கு வைத்த வயலைப் பணம் கட்டித் திருப்புவது. திருப்பியதும் வயல் பழைய பெயருக்கே வந்துவிடும். சுரங்க ஆவணங்களில் வரும் ‘நில மீட்பு’ அந்தப் பொருளில் வருவதில்லை. குழியை நிரப்பி, மேட்டைச் சரித்து, மண் பரப்பி, செடி நட்டு, நிலத்தை ஏதோ ஒரு பயன்பாட்டுக்குத் தகுதியாக்குவதே அங்கே மீட்பு. அந்த நிலம் யாருக்குப் போகும் என்பது வேறு கேள்வி. கருநிலக்கரிக்காக 1957ஆம் ஆண்டின் நிலக்கரி தாங்கு பகுதிகள் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலமும், நெய்வேலியில் நடந்ததுபோல 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலமும், எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசிடம் சேர்ந்து அங்கிருந்து நிறுவனத்துக்குப் போய்விடுகின்றன. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நிலம் எவ்வளவு பசுமையாக மாறினாலும், அதை இழந்தவருடைய பேரனுக்கு அது திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டங்களில் இல்லை. கூட்டங்களில் ‘மீட்டுத் தருவோம்’ என்ற வாக்கியம் ஒலிக்கும்போது, அதில் வரும் ‘தருவோம்’ யாருக்கு என்று கேட்பதிலிருந்துதான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

அனுமதிகளின் வரிசை நீளமானது; அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுரங்க உரிமைக்குக் கனிமங்கள் மற்றும் சுரங்கங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1957 அடிப்படை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரித் தொகுதிகளின் (சுரங்கத்துக்கென எல்லை பிரித்த நிலப்பகுதிகளின்) ஒதுக்கீட்டை ரத்து செய்த பிறகு, 2015இல் வந்த சிறப்புச் சட்டத்தின் வழியாக ஏலமுறை வந்தது. தொகுதி கையில் கிடைத்ததும் சுரங்கத் திட்டமும் சுரங்க மூடல் திட்டமும் நிலக்கரி அமைச்சகத்தின் ஒப்புதலுக்குப் போகும். அடுத்து 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். பரப்பைப் பொறுத்து அதை ஒன்றிய அமைச்சகமோ மாநில ஆணையமோ வழங்கும். காட்டு நிலம் இருந்தால் 1980ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் இரண்டு கட்ட அனுமதி தேவை. நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இரண்டு இசைவுகள் பெற வேண்டும். நிலத்தடி நீரை இறைப்பதற்குத் தனி அனுமதி உண்டு. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு வேறு மேசையில் முடிவாவதால், முழுப் படத்தையும் ஒருசேரப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை நடத்தும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள்களுக்கு முன்பே ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஊராட்சி அலுவலகம் உட்படக் குறிப்பிட்ட இடங்களில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் விதிக்கப்படவில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு. வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். எழுதி வந்த கருத்துக்கும் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். பின்னாளில் உற்பத்தியைக் கூட்டுவதற்கான சில விரிவாக்கங்களுக்கு நிபந்தனைகளோடு கூட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுவது உண்டு என்பதால், முதல் கூட்டமே கடைசிக் கூட்டமாகவும் அமையக்கூடும். அன்று கேட்காத கேள்வியைப் பத்தாண்டு கழித்துக் கேட்பதற்கு மேடை இருக்காது.

நம் கரைக்கென்று சில தனி விவரங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரையிலும், கழிமுகங்களின் ஓரங்களிலும் மணல், பாறை, அடிமண் தோண்டுவதைச் சில விதிவிலக்குகள் தவிரத் தடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் ராம்சார் என்ற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. இவற்றின் அருகே வரும் திட்டம் வனவிலங்கு வாரியத்தின் மேசைக்கும் போக வேண்டியிருக்கும். ஆனால் சாதாரண ஊர்க் கண்மாய்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது: 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் நம் மாவட்டம் இல்லை, அது டெல்டாவுக்கானது. 2023இல் டெல்டாவைச் சேர்ந்த மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, இங்கேயும் அப்படியே நடந்துவிடும் என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

இனி நில மீட்புத் திட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் அதை வாசிப்பவர் மரங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் முதலில் தேட வேண்டும். நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 மே மாதம் அங்கே முதல் சுரங்கம் தொடங்கப்பட்டது. 1961இல்தான் கரி கண்ணுக்குத் தெரிந்தது. கரிப் படுகைக்குக் கீழே இருக்கும் ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி, அதாவது அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் அடுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் குழியின் தளம் பிளந்து நீர் பீறிடும் என்பதால், குழாய்க் கிணறுகள் வைத்து இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நெய்வேலி கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். அதே வேலையைக் கடற்கரை ஓரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய விதி பதில் சொல்கிறது.

கடற்கரை மண்ணுக்கு அடியில் நன்னீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் சற்றே கனமானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதைச் சொல்வார்கள். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இறைப்பதால் நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் வரை ஏறி வரக்கூடும். நம் கடலோர ஊர்களில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊற்று இருப்பதே இந்த மெல்லிய வில்லையின் தயவில்தான். சுரங்கத்தின் இறைப்பு நின்ற பிறகு நீர்மட்டம் சில ஆண்டுகளில் ஏறிவிடலாம். மண்துளைகளில் புகுந்த உப்போ அத்தனை எளிதில் வெளியேறாது. எனவே திட்டத்தில் ‘பாதிப்பு வட்டம்’ என்று ஒரு வரைபடம் இருந்தால், நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதோடு உப்புநீர் எல்லை எவ்வளவு நகரும் என்பதும் அதில் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கிடப்படவில்லையென்றால் அந்தத் திட்டம் கடற்கரைக்காக எழுதப்பட்டது அல்ல. உள்நாட்டு அறிக்கை ஒன்றின் பக்கங்களை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

சுரங்கத்துக்கு முந்தைய நிலையைப் பதியும் அடிப்படை ஆய்வுக்கு விதி கேட்பது மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு மட்டுமே. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நமக்கு இது பெரிய ஓட்டை. தை, மாசியில் எடுத்த கிணற்று நீர் இனிக்கும்; அதே கிணறு ஆடியில் உவர்க்கும். எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே ‘சுரங்கத்துக்கு முன்பே இங்கே தண்ணீர் உப்புத்தான்’ என்றோ, வேறு விதமாகவோ அறிக்கை எழுதிவிடலாம். நான்கு பருவத் தரவு வேண்டும் என்று கூட்டத்தில் கேட்பது நியாயமான, பதிவாக வேண்டிய கோரிக்கை.

அடுத்தது மண். சுரங்கத்துக்காரர்கள் ‘மேல்மண்’ என்று சொல்வது கரிக்கு மேலே இருக்கும் அத்தனை அடுக்குகளையும். உழவர் மேல்மண் என்று சொல்வது ஏர் படும் அந்த ஓரடி, ஒன்றரை அடியை மட்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் கூட்டங்களில் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. இரண்டாவதை நான் வளமண் என்றே சொல்கிறேன். அதைத் தனியாக வழித்து, உயரமில்லாத குவியல்களாகப் போட்டு, பயறு வகை விதைத்து மூடி, கூடிய விரைவில் நிரப்பிய நிலத்தின் மேல் பரப்ப வேண்டும். உயரமாகக் குவித்துப் பல ஆண்டுகள் வைத்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிரும் விதையும் செத்துவிடும். பெயருக்கு வளமண், உண்மையில் வெறும் புழுதி. நான் பணியாற்றிய ஓரிடத்தில் வரைபடத்தில் வளமண் கிடங்கு அழகாகப் பச்சை வண்ணத்தில் இருந்தது; போய்ப் பார்த்தபோது அந்த மண்ணை எடுத்து வண்டிப் பாதையை மேடாக்கியிருந்தார்கள். அந்த வரைபடத்தில் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அதன் பிறகு எந்தத் திட்டத்திலும் வளமண்ணின் கன மீட்டர்க் கணக்கை வரவு செலவுபோலக் கூட்டிப் பார்க்காமல் நான் ஒப்புதல் அளித்ததில்லை.

நம் மண்ணில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முண்டு மிளகாயும் மானாவாரி நெல்லும் விளையும் கரிசலும் களியும் மேலே சில அடிதான். கரையோரத்தில் அதன் கீழே கடல் விட்டுப்போன உப்படுக்குகள் உண்டு. தோண்டும்போது அந்த வரிசை தலைகீழாகி, அடியில் கிடந்த உப்புக்களி மேலே வந்தால், கோடையில் நுண்துளை வழியாக உப்பு ஏறி நிலத்தின் மேல் வெள்ளை பூக்கும். அதில் சீமைக்கருவேலம் வேண்டுமானால் வளரும். ‘பசுமைப் பரப்பு’ என்று செயற்கைக்கோள் படத்தில் அது அழகாகவே தெரியும். ஆகவே அடுக்குகளை எடுத்த வரிசையிலேயே திரும்பப் போடும் முறை, உப்படுக்கை ஆழத்தில் புதைக்கும் ஏற்பாடு, சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடும் அளவு ஆகியவை திட்டத்தில் எண்களாக இருக்க வேண்டும். கரியோடு வரும் களியில் இரும்புக் கந்தகம் இருந்தால், அது காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். அதற்கான சோதனை முடிவும் தேவை. தோண்டிய இடத்தில் புல் வளர்த்து மேய்ச்சலுக்குத் தகுதியாக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. கிடை போடும் ஆடுகளை நம்பிய நம் மாவட்டத்துக்கு அந்த ஆணை பயன்படும். மரக்கன்றுக் கணக்கோடு முடிந்துவிடும் திட்டங்களின் முன் அதை எடுத்து வையுங்கள்.

கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல என்பதை வெளியூர் ஆலோசகர்களுக்குப் புரியவைப்பது கடினமாகவே இருந்திருக்கிறது. ஒன்றின் கலுங்கில், அதாவது உபரிநீர் வெளியேறும் வழியில், வழியும் நீர்தான் அடுத்ததன் வரத்து. நடுவில் ஒரு வரத்துக்காலைச் சுரங்க எல்லைக்குள் எடுத்துக்கொண்டு ‘மாற்றுக் கால்வாய் அமைக்கப்படும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். நிலச்சாய்வு மிகக் குறைவான நம் சமவெளியில், அந்த மாற்றுக் கால்வாயின் அடிமட்டம் அரையடி தவறினாலும் கீழே உள்ள கண்மாய்கள் வரிசையாக வறண்டுபோகும். மாற்றுக் கால்வாயின் தொடக்க மட்டம், முடிவு மட்டம், ஒவ்வொரு கண்மாயின் கலுங்கு மட்டம் ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் கேளுங்கள்.

கடைசியில் எஞ்சும் குழி. தோண்டிய மண் தளர்ந்து பருமன் கூடும் என்றாலும், எடுத்துப்போன கரியின் இடத்தையும் ஓரங்களில் மேடாகவே விடப்படும் மண்ணின் இடத்தையும் அது ஈடுகட்டுவதில்லை. கடைசி வெட்டு குழியாகவே நிற்கும். அதை ‘நீர்த்தேக்கம்’ என்று எழுதுவது வழக்கம். கடற்கரையில், கடல்மட்டத்துக்குக் கீழே போகும் குழியில் தேங்குவது எந்த நீராக இருக்கும் என்பதை மேலே சொன்ன விதியே சொல்லிவிடும். நம் வெயிலில் அது ஆண்டுக்கு ஆண்டு இன்னும் உவர்த்துப்போகும். கரையின் உறுதியும் முக்கியம். ஜெர்மனியின் நாஹ்டர்ஷ்டெட் என்ற ஊரில் பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஏரியாக நிரப்பப்பட்டுவந்தபோது, 2009 ஜூலையில் கரை சரிந்து வீடுகள் உள்ளே போயின. 3 பேர் இறந்தார்கள். சுரங்க மூடலில் நீண்ட அனுபவமுள்ள நாட்டிலேயே இது நடந்தது.

இத்தனைக்கும் பணம் எங்கே என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 2009 ஆகஸ்டில் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்ச ரூபாய் என்ற அடிப்படையில் மூடல் செலவைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஒரு எஸ்க்ரோ கணக்கில் (நிபந்தனை நிறைவேறினால் மட்டுமே பணம் எடுக்க முடிகிற தனிக் கணக்கில்) செலுத்த வேண்டும். 2020இல் அந்த அடிப்படை 9 லட்சமாக உயர்ந்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். படிப்படியான சீரமைப்பைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் வளமண் பரப்பி, ஜிப்சம் இட்டு, வடிகால் வெட்டி, மூன்று மழைக்காலம் பராமரித்து, உப்புநீரையும் கண்காணிக்க இந்தத் தொகை போதும் என்று என் அனுபவத்தில் என்னால் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி மீட்புத் திட்டமும் பிணைத்தொகையும் இல்லாமல் அனுமதியே கிடைக்காது. குழியை நிரப்பிச் சமன் செய்தால் பிணைத்தொகையில் 60 விழுக்காடு வரை மட்டுமே விடுவிப்பார்கள். மீதி, செடிகொடி நிலைத்து நின்றதைக் காட்டிய பிறகு. அந்தப் பொறுப்புக் காலம் சாதாரணமாக 5 ஆண்டு. ஆண்டு மழை 26 அங்குலம் அல்லது அதற்குக் குறைவான இடங்களில் 10 ஆண்டு. வறண்ட மண் மெதுவாகத்தான் தேறும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் கரையில் மழை அந்த அளவைவிடக் கூடுதல்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகிறது. அனுமதி நிபந்தனையிலேயே மூடலுக்குப் பிந்தைய கண்காணிப்பு 10 ஆண்டு என்று எழுதச் சொல்லிக் கோருவது மிகையாகாது.

அனுமதிக் கோப்பு தடிமனாக இருக்கும். நீங்கள் கடைசி அத்தியாயமான மூடல் திட்டத்தை முதலில் வாசியுங்கள். இறுதி நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த வண்ணத்தில் இருக்கிறது, அந்த வண்ணத்துக்கு உரிமையாளர் யார், அங்கே பாய வேண்டிய நீர் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். பிறகு முன்னோக்கிப் புரட்டி, அந்த முடிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மண் கணக்கும் நீர்க் கணக்கும் பணக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

விண்ணப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதத்திலிருந்தே ஊரில் ஐந்தாறு கிணறுகளையும் ஓர் ஊற்றையும் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை கயிற்றில் மட்டம் அளந்து, கையடக்க உப்பு அளவியால் நீரைச் சோதித்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அளவி விலை மலிவானது. கண்மாய்க் கலுங்கு எந்தத் தேதியில் வழிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நோட்டைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருக்கும் ஊரிடம், ‘இங்கே தண்ணீர் எப்போதும் இப்படித்தான்’ என்று எந்த அறிக்கையாலும் எழுதிவிட முடியாது.